வினாத்தாள் எண் பதினேழு

குபாங் பல்கலைக்கழகத்துப் பெண்
ஆளுக்கொரு தாளைக் கொடுத்துவிட்டு
எதிர்க்கடையில் நூடுல்ஸ் சாப்பிடப் போயிருக்கிறாள்.
நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்,
முழுமையாக ஏற்கிறேன் தொடங்கி
சற்றும் ஏற்கவில்லை வரை.
"பெயர் எழுத வேண்டாம், உண்மையை எழுதினால் போதும்" என்றாள்.
பெயரைக் கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஒன்று. மேலதிகாரியின் முன்மாதிரி என் ஒழுங்கைத் தீர்மானிக்கிறது.
நான்கு வருடத்தில் மூன்று பேர் வந்துவிட்டார்கள்.
முதலாமவர் திங்கள்தோறும் கொடியேற்றிவிட்டு
யார் காலணியில் சேறு என்று குனிந்து பார்ப்பார்.
(ஜனவரியில் இந்தத் தீவில் சேறில்லாத காலணி
வீட்டிலிருந்து கிளம்பாத காலணி.)
அடுத்தவரின் மேசைக் கண்ணாடியில்
எங்கள் முகம்தான் தெரியும், ஒரு காகிதமும் இருக்காது.
இப்போதிருக்கும் மர்செலினுஸ்
கழிவறைத் தொட்டியைத் தானே தேய்த்துக் கழுவுகிறார்.
பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.
பள்ளிக்கூடத்துக் கழிவறைக்குப் போய்வருகிறோம்.
ஏற்கிறேன் என்று போட்டேன்.

ஒன்பது. கைரேகை மெஷின் வந்தபின் என் வருகை மேம்பட்டிருக்கிறது.
ஒதிலியாவை அதற்குத் தெரியாது.
இரவெல்லாம் வீட்டில் முந்திரி உடைக்கிறாள்;
ஓட்டின் எண்ணெய் சுட்டுச் சுட்டு
விரல் நுனிகள் வெறும் வழவழப்பு.
மீண்டும் முயலவும், என்கிறது மெஷின்.
முயல்கிறாள். ஊதிப் பார்க்கிறாள். பாவாடையில் துடைக்கிறாள்.
பிறகு போய் உட்கார்ந்து
முப்பது குடும்ப அட்டைகளைப் பிழையில்லாமல் அடிக்கிறாள்.
மாதக் கடைசியில் அவள் படியில் பத்து நாள் பிடித்தம்.
பெத்ருஸ் ஏழு இருபதுக்கு விரல் வைப்பான்,
ஏழு இருபத்தொன்றுக்கு
மோட்டார் சைக்கிள் சத்தம் கடற்கரைப் பக்கம் இறங்கும்.
அவன் வருகை நூறு சதவீதம்.
இரண்டையும் கூட்டிக் கழித்து
அடியில் கையெழுத்துப் போடுவது நான்.

இருபத்திரண்டு, கூரை ஒழுகுவது பற்றி.
இருபத்தாறு, சம்பளம் பற்றி.
இரண்டிலும் பேனா யோசிக்கவில்லை.

முப்பத்தொன்றில் கட்டமே இல்லை. ஒரு கோடு மட்டும்.
நான் நேரத்துக்கு வேலைக்கு வருவதன் காரணம்: ____

மலையிலிருந்து மரப்பெஞ்சு லாரி
வாரத்துக்கு இரண்டு தடவைதான் இறங்கும், செவ்வாயும் வெள்ளியும்.
அந்தச் செவ்வாய் நான் வந்தது ஒன்பது இருபதுக்கு.
லாரி ஒன்பதுக்கே திரும்பிவிட்டது.
அதில் போயிருக்க வேண்டிய ஒரு பெண்
பூட்டிய கதவடியில் உட்கார்ந்திருந்தாள்.
மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே புருஷனின் அடையாள அட்டை.
இறப்புச் சான்றிதழ் வேண்டுமாம்.
அன்று மின்சாரமும் இல்லை, வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.
"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?"
குத்தலாகக் கேட்கவில்லை.
தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.
ஏழரைக்கு என்றேன்.
ஏழரை என்று
அவள் தலைக்கு மேலிருந்த பலகையிலேயே எழுதியிருந்தது.

வெள்ளியன்று ஆறே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன்.
லாரி வந்தது. வாழைத்தார் இறங்கியது, இரண்டு பன்றி இறங்கின,
அவள் இறங்கவில்லை.
அடுத்த செவ்வாயும் இல்லை.
பெயரைக்கூடக் குறித்து வைக்கவில்லை நான்.
எங்கள் பதிவேட்டில் அந்த மனிதர்
எங்கோ இன்னும் உயிரோடு இருக்கிறார்.
தேர்தலுக்குத் தேர்தல்
அவருக்கும் சேர்த்துத்தான் சீட்டு அச்சாகிறது.

கோடு ஒரு விரல் நீளம்.
பழக்கம், என்று எழுதினேன்.
அடித்துவிட்டு, கடமையுணர்வு என்று எழுதினேன்.
அதையும் அடித்தபோது தாள் லேசாகக் கிழிந்தது.

நூடுல்ஸ் முடித்துவிட்டு அந்தப் பெண்
தெருவைக் கடந்து வருகிறாள்.
பக்கத்து மேசையிலிருந்து ஒதிலியா
ரப்பரைக் கேட்கிற சாக்கில் குனிந்து
"ஒன்பதுக்கு என்ன போட்டீர்கள்?" என்கிறாள்.